லாகீஸுக்கும் ஒரு வரி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்தில் எசேக்கியா ராஜாவைப் பற்றிப் பிரசங்கம். உங்களில் பலருக்கு ஓய்வுநாள் பள்ளி நாட்களிலிருந்தே தெரிந்த கதைதான். அசீரிய ராஜா சனகெரிப் பெரும்படையோடு யூதா தேசத்துக்குள் வருகிறான். அவனுடைய அதிகாரி ரப்சாக்கே எருசலேம் மதிலுக்கு வெளியே நின்று, எல்லோர் காதிலும் விழும்படி ஏளனமாகப் பேசுகிறான். பிறகு மிரட்டல் கடிதம் ஒன்று வருகிறது. எசேக்கியா அந்தக் கடிதத்தை ஆலயத்துக்கு எடுத்துப்போய், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்து ஜெபிக்கிறான். ஒரே இரவில் அசீரியச் சேனை அழிகிறது. எருசலேம் தப்பிக்கிறது.

குருவானவர் நன்றாகவே பேசினார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுத்தபோது ஒரு பெயர் மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. லாகீஸ்.

தபால் நிலையத்தில் 36 வருடம் உட்கார்ந்தவன் நான். எந்தக் கடிதத்தைப் பார்த்தாலும் அது எங்கிருந்து புறப்பட்டது என்று முத்திரையைப் பார்ப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. ரப்சாக்கே எங்கிருந்து புறப்பட்டு எருசலேமுக்கு வந்தான்? லாகீஸிலிருந்து. அதற்கு முன்னால் எசேக்கியா பயந்துபோய், "நான் தப்புச் செய்துவிட்டேன், நீர் கேட்பதைக் கொடுத்துவிடுகிறேன்" என்ற கருத்தில் ஆள் அனுப்பினானே, எங்கே அனுப்பினான்? லாகீஸுக்கு. சனகெரிப் அங்கேதான் பாளயம் இறங்கியிருந்தான். ரப்சாக்கே திரும்பிப் போகும்போது, ராஜா லாகீஸை விட்டு லிப்னாவுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்படுகிறான். அவ்வளவுதான். 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களில் லாகீஸ் வந்துபோவது இந்த மட்டும்தான்.

அந்த ஊர் என்ன ஆனது? அதில் இருந்த ஜனங்கள் என்ன ஆனார்கள்? வேதாகமம் சொல்லவில்லை. நாமும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எருசலேமுக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பெரிய மண்மேடு இருக்கிறது. அரபு மொழியில் டெல் எத்-துவேர் என்பார்கள். ஊர் மேல் ஊர், இடிபாட்டின் மேல் இடிபாடு என்று ஆயிரக்கணக்கான வருடங்களாகச் சேர்ந்து எழும்பிய மேடு அது. உச்சிப் பரப்பு மட்டும் சுமார் 18 ஏக்கர். யோசுவாவின் புத்தகத்தில் லாகீஸ் ஒரு கானானிய ராஜாவின் பட்டணம். பிறகு சாலொமோனின் மகன் ரெகொபெயாம் பலப்படுத்திய கோட்டைகளில் ஒன்று. அமத்சியா ராஜா கலகக்காரர்களுக்குப் பயந்து ஓடிப்போய் ஒளிந்ததும், கொலையுண்டதும் இங்கேதான். யூதா ராஜ்யத்தில் எருசலேமுக்கு அடுத்த பெரிய பட்டணம் இதுதான் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

வெள்ளைக்காரர்கள் முதலில் தப்பான மேட்டைத் தோண்டினார்கள் என்பது ஒரு வேடிக்கை. 1890-ல் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற புகழ்பெற்ற ஆராய்ச்சியாளர் டெல் எல்-ஹெசி என்ற வேறொரு மேட்டை லாகீஸ் என்று நம்பித் தோண்டினார். 1929-ல்தான் ஆல்பிரைட் என்ற அமெரிக்க அறிஞர் டெல் எத்-துவேர்தான் லாகீஸாக இருக்கும் என்று எடுத்துச் சொன்னார். 1932-ல் ஜேம்ஸ் லெஸ்லி ஸ்டார்க்கி என்ற ஆங்கிலேயர் அங்கே வேலையைத் தொடங்கினார்.

இனி கி.மு. 701-ம் வருடத்துக்கு வருவோம். சனகெரிப் வந்த வருடம்.

2016-ல் லண்டனில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். குளிருக்கும் தனிமைக்கும் பயந்து, அனுமதிக் கட்டணம் இல்லாத பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் பல நாள் போய்விடுவேன். அங்கே ஒரு கூடத்துச் சுவர் முழுக்க லாகீஸின் அழிவு சிற்பமாக நிற்கிறது. சனகெரிப் தன் தலைநகரான நினிவேயில் கட்டிய அரண்மனையில், ஒரு தனி அறையைச் சுற்றிப் பதித்து வைத்த கற்பலகைகள் அவை. 19-ம் நூற்றாண்டின் நடுவில் லேயார்டு என்பவர் தோண்டி எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்.

அந்தச் சிற்பத்தை நின்று பார்த்தால் போரே கண்முன் நடக்கும். மதிலை நோக்கிச் சாய்வான கல்மேடு கட்டி, அதன்மேல் மதிலிடிக்கும் பொறிகளை ஏற்றுகிறார்கள். மேலேயிருந்து ஜனங்கள் எரியும் தீவட்டிகளை வீசுகிறார்கள். பொறி தீப்பிடிக்காமலிருக்க ஒரு சிப்பாய் நீண்ட அகப்பையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். வில்லாளிகள், கவண் எறிகிறவர்கள் எல்லாம் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு பக்கம் மூன்று பேரைக் கழுவில் ஏற்றியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் உயிரோடு தோலுரிக்கிறார்கள். ஊர் வாசலிலிருந்து ஒரு கூட்டம் வெளியே வருகிறது. மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சுகள், அதன்மேல் பெண்களும் பிள்ளைகளும். கடைசியில் ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து அவர்களைப் பார்வையிடுகிறான். லாகீஸின் கொள்ளை தனக்கு முன்பாகக் கடந்துபோனதாகப் பெருமையாக எழுதியும் வைத்திருக்கிறான்.

எனக்கு அந்த ராஜாவின் கம்பீரம் மனசில் நிற்கவில்லை. அவன் முகத்தை யாரோ அந்தக் காலத்திலேயே கொத்திச் சிதைத்துவிட்டார்கள். கி.மு. 612-ல் நினிவே விழுந்தபோது பகைவர்கள் செய்த வேலையாக இருக்கும் என்கிறார்கள். என் மனசில் நின்றது அந்த மாட்டு வண்டிதான். வீட்டைக் காலி செய்துகொண்டு போகும் எந்தக் குடும்பமும் அப்படித்தான் போகும். எதைக் கட்டுவது, எதை விடுவது என்று நிதானிக்க நேரமில்லாமல் கட்டிய மூட்டைகள்.

அதே அருங்காட்சியகத்தில் சனகெரிப் எழுதிவைத்த ஆறுபட்டைக் களிமண் சாசனமும் இருக்கிறது. யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், 2,00,150 பேரைச் சிறைப்படுத்தியதாகவும் அதில் கணக்கு எழுதியிருக்கிறான். எசேக்கியாவைக் கூண்டுக்குள் பறவையை அடைப்பதுபோல எருசலேமில் அடைத்து வைத்தானாம். கவனியுங்கள், அடைத்து வைத்தேன் என்கிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று சொல்லவில்லை. பிடித்திருந்தால் சொல்லாமல் விட்டிருப்பானா? பிடிக்க முடியாததை நாசூக்காக மறைக்கிறான்.

கப்பக் கணக்கைப் பாருங்கள். பொன் 30 தாலந்து என்று வேதாகமமும் சொல்கிறது, சனகெரிப்பும் சொல்கிறான். வெள்ளிதான் இடிக்கிறது. வேதாகமத்தில் 300 தாலந்து, சனகெரிப்பின் கணக்கில் 800. கணக்குப் புத்தகம் பார்த்துப் பழகிய எனக்கு இதில் பெரிய ஆச்சரியமில்லை. கொடுத்தவன் கணக்கும் வாங்கினவன் கணக்கும் எங்கே முழுசாக ஒத்துப்போயிருக்கின்றன?

மாலை நடைக்கு வரும் நண்பர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். எங்கள் கூட்டத்தில் ஒருவர் தினமும் காலையில் வாட்ஸப்பில் "புதைபொருள் ஆராய்ச்சி வேதத்தை நிரூபித்தது" என்று எதையாவது அனுப்புகிறவர். அவர் உடனே, "பார்த்தீரா, 30 தாலந்து பொன்! எழுத்துக்கு எழுத்து உண்மை" என்றார். இன்னொருவர் பழைய பகுத்தறிவுக்காரர். "அப்போ வெள்ளிக் கணக்கு? ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் பேர் ஒரே ராத்திரியில் செத்தது சனகெரிப் சாசனத்தில் இருக்கிறதா?" என்று கேட்டார். இரண்டு பேரும் அரைமணி நேரம் வாதாடினார்கள். அந்த அரைமணியில் லாகீஸ் ஜனங்களைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த நிரூபிக்கும் ஆசை நம்மோடு நிற்பதில்லை. 2016-ல் லாகீஸ் கோட்டை வாசலில் ஒரு சிறிய வழிபாட்டு அறையையும், அதில் கொம்புகள் உடைக்கப்பட்ட பலிபீடங்களையும், நடுவில் ஓட்டை போட்ட ஒரு கல்லையும் கண்டெடுத்ததாக அறிவித்தார்கள். அந்தக் கல் கழிப்பறைக் கல் என்றும், அந்நிய வழிபாட்டை ஒழிக்க எசேக்கியா அந்த இடத்தைத் தீட்டுப்படுத்திய அடையாளம் என்றும் சொன்னார்கள். உலகப் பத்திரிகைகளெல்லாம் போட்டன. வேறு ஆராய்ச்சியாளர்கள் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஒரு கல்லைக் கண்டவுடன் "இது எந்த வசனம்?" என்று தேடுகிறோமே, அந்த அவசரத்தைத்தான் சொல்கிறேன்.

என் அபிப்பிராயம் இதுதான். இடிபாடு நம் கட்சிக்குச் சாட்சி சொல்ல அழைத்துவந்த ஆள் இல்லை. அது வேறொருவருக்காகச் சாட்சி சொல்கிறது, நாம் அதைக் கேட்பதில்லை.

லாகீஸ் மண் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1973 முதல் 1994 வரை டேவிட் உசிஷ்கின் என்ற இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர் அங்கே தோண்டினார். மேட்டின் தென்மேற்கு மூலையில், சிற்பத்தில் இருப்பதைப் போலவே, அசீரியர்கள் கட்டிய கல்மேடு அப்படியே கிடக்கிறது. 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் கார்பிங்கல் குழுவினர் அதற்குச் சுமார் 30 லட்சம் கற்கள் தேவைப்பட்டிருக்கும், ஒவ்வொன்றும் ஆறரைக் கிலோ, இரவு பகலாக வேலை நடந்தால் சுமார் 25 நாட்களில் முடிந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். கைதிகளைக் கொண்டே அந்தக் கற்களைச் சுமக்க வைத்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

25 நாட்கள் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். மதிலுக்குள் இருப்பவர்கள் தினமும் காலையில் எழுந்து, கல்மேடு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்திருப்பார்கள். அவர்களும் சும்மா இருக்கவில்லை. மதிலின் உட்பக்கத்தில் அதற்கு எதிராக ஒரு மண்மேட்டைக் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். அதுவும் தோண்டும்போது கிடைத்தது. அம்பு முனைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. கவண் கற்கள் கிடைத்தன. ஒரு இரும்புச் சங்கிலித் துண்டு கிடைத்தது. மதிலிடிக்கும் பொறியை மேலிருந்து சிக்கவைத்து இழுக்க அதைப் பயன்படுத்தியிருக்கலாம் என்கிறார்கள். கடைசிவரை போராடிய ஊர்.

ஸ்டார்க்கி தோண்டிய நாட்களில், மேட்டின் சரிவிலுள்ள குகைகளில் சுமார் 1,500 பேரின் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. ஆண்கள் மட்டுமில்லை, பெண்கள், பிள்ளைகள் எல்லோரும்தான். கி.மு. 701-ல் மாண்டவர்களாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். சில மண்டை ஓடுகளில் அறுவை செய்து எலும்பை வெட்டியெடுத்த தடம் இருக்கிறது. யாரோ யாரையோ பிழைக்கவைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது மூன்று சாட்சிகளையும் சேர்த்துப் பாருங்கள். சனகெரிப் லாகீஸைப் பெரிதாகச் செதுக்கினான், எருசலேமில் தோற்றதை விட்டுவிட்டான். எருசலேமில் இருந்தவர்கள் தங்கள் மீட்பை விரிவாக எழுதினார்கள், லாகீஸ் விழுந்ததை விட்டுவிட்டார்கள். அவரவருக்கு வேண்டியதை அவரவர் எழுதிக்கொண்டார்கள். குகைக்குள் கிடந்த 1,500 பேருக்காக இரண்டு பக்கமும் ஒரு வரி எழுதவில்லை. பக்கத்து ஊர்க்காரனான மீகா தீர்க்கதரிசி ஒருவன்தான் லாகீஸின் பெயரைச் சொல்லி அழுதான். அதிலும் அவன் கண்டித்துத்தான் பேசுகிறான்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

2004 டிசம்பர் 26-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அப்போது குமரி மாவட்டத்துக் கடற்கரைக்குச் சற்று உள்ளே ஓர் ஊரில் எனக்கு வேலை. நாங்கள் ஆலயத்தில் இருந்த நேரத்தில்தான் கடல் உள்ளே வந்தது. எங்கள் தெருவுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு நான் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். எங்களைக் காத்தார், எங்கள் பிள்ளைகளைக் காத்தார் என்று கண்ணீரோடு சொன்னேன். ஸ்தோத்திரக் காணிக்கையும் படைத்தேன்.

சில நாள் கழித்து, சேமிப்புப் புத்தகம் கடலோடு போய்விட்டது என்று ஒரு கிழவி தபால் நிலையத்துக்கு வந்தார். மனுவை எழுதிக் கொடுத்துக்கொண்டே, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, "ஆண்டவர் நம்மளக் காப்பாத்தினாரு பாட்டி" என்றேன். அவர் கோபப்படவில்லை. என் முகத்தைப் பார்த்து, "ஒங்களக் காப்பாத்தினாரு சார், சரி. எம் பேரப்புள்ளைகள?" என்று கேட்டார். எத்தனை பிள்ளைகள் என்றுகூடக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனுவில் கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் சொன்ன சாட்சி பொய் இல்லை. ஆனால் பாதிதான். அந்தக் கிழவியின் பாதி அதில் இல்லை. எசேக்கியா கதையைக் கேட்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்தக் குரல் கேட்கிறது. லாகீஸ் மதிலுக்குள்ளும் யாராவது முழங்காலில் நின்றிருக்க மாட்டார்களா? அவர்களும் அதே கர்த்தரிடம்தானே கேட்டிருப்பார்கள்?

இதைச் சொன்னால் விசுவாசம் குறைந்துபோகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எனக்குக் குறையவில்லை. தப்பிப் பிழைத்ததற்கு நன்றி சொல்வது வேறு. தப்பாதவர்களை நினைவிலிருந்து துடைத்துவிட்டு நன்றி சொல்வது வேறு. இரண்டாவது வகை நன்றி எனக்குக் கசக்கிறது.

லாகீஸின் கதை அதோடு முடியவில்லை. எரிந்த ஊரை மறுபடி கட்டினார்கள். சுமார் 115 வருடம் கழித்து பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் வந்தான். யூதாவின் அரணான பட்டணங்களில் லாகீஸும் அசெக்காவும் மட்டும்தான் மிஞ்சியிருந்தன என்று எரேமியா புத்தகம் சொல்கிறது. பிறகு அவையும் விழுந்தன, எருசலேமும் விழுந்தது. அந்த இரண்டாவது தீயின் சாம்பலுக்குள், கோட்டை வாசலை ஒட்டிய காவல் அறையில், 1935-ல் ஸ்டார்க்கி 18 பானை ஓடுகளைக் கண்டெடுத்தார். 1938-ல் இன்னும் மூன்று. மசியால் எழுதிய பழைய எபிரெயக் கடிதங்கள். ராஜாக்கள் எழுதியது இல்லை. காவல் பணியில் இருந்த சின்ன அதிகாரி ஒருவன் தன் மேலதிகாரிக்கு எழுதியவை.

மூன்றாம் கடிதத்தை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஓசாயாகு என்பவன் எழுதுகிறான். மேலதிகாரி யாவோஷ், "உனக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாதா?" என்ற தோரணையில் ஏதோ எழுதிவிட்டார் போலிருக்கிறது. அன்றிலிருந்து மனசே சரியில்லை என்கிறான். எனக்கு வாசித்துக் காட்ட இதுவரை ஒரு ஆளையும் கூப்பிட்டதில்லை, வருகிற கடிதத்தை நானே வாசிப்பேன், வாசித்ததைத் திருப்பிச் சொல்லவும் முடியும் என்று சத்தியம் பண்ணுகிறான். பாபிலோன் படை நாட்டுக்குள் இருக்கிற நேரத்தில் இவனுக்கு இந்த ரோஷம்!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கிராமத்தில் ஒரு பெரிய மனிதருக்கு வந்த தந்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தம்பிக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமோ? தப்பா எழுதிக் கொண்டாந்திருக்கப் போறீரு" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். அன்று ராத்திரி என் அப்பாவுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். ஓசாயாகு எழுதியதற்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. 2,600 வருட இடைவெளியில் இரண்டு சின்ன உத்தியோகஸ்தர்களுக்கு ஒரே வலி.

நான்காம் கடிதத்தில், லாகீஸின் தீ அடையாளங்களைப் பார்த்துக் காத்திருக்கிறோம், அசெக்கா தெரியவில்லை என்ற கருத்தில் எழுதியிருக்கிறான். அசெக்கா விழுந்துவிட்டது என்பதுதான் அதன் பொருளா, அல்லது அந்த இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று சொல்கிறானா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது. எப்படியானாலும், இருட்டில் ஒரு வெளிச்சத்துக்காகக் கண் விழித்திருந்த ஒரு மனிதனின் கையெழுத்து அது. எரேமியா சொன்னதை இது நிரூபிக்கிறது என்று நண்பர் சொல்வார். சொல்லட்டும். எனக்கு ஓசாயாகுவின் கை நடுக்கமே போதும்.

இதே மேட்டில் கிடைத்த இன்னொரு சின்னப் பொருளையும் சொல்லாமல் விட மனசில்லை. யானைத் தந்தத்தால் ஆன ஒரு பேன் சீப்பு. இரண்டு விரல் அகலம்கூட இராது. அதில் மங்கலாக 17 எழுத்துகள் கீறியிருப்பதை 2022-ல் அறிவித்தார்கள். தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தச் சீப்பு ஒழிக்கட்டும் என்ற கருத்து. சுமார் 3,700 வருடம் பழசு என்று கணித்திருக்கிறார்கள். கானானிய எழுத்தில் முழு வாக்கியமாகக் கிடைத்தவற்றில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். ராஜாவின் வெற்றியும் இல்லை, தெய்வத்தின் துதியும் இல்லை. பேன் தொல்லை! நம் பாட்டிமார் திண்ணையில் உட்கார்ந்து பேன் பார்த்த ஞாபகம் உங்களுக்கும் வரும்.

இவ்வளவும் நம் கைக்கு வந்ததே சும்மா வரவில்லை. ஸ்டார்க்கி 1938 ஜனவரியில், எருசலேமில் புதிய அருங்காட்சியகத் திறப்பு விழாவுக்குப் போகும் வழியில், எபிரோன் பக்கத்தில் ஆயுதம் ஏந்திய ஆட்களால் கொல்லப்பட்டார். வேலை பாதியில் நின்றது. அவர் குழுவில் இருந்த ஓல்கா டஃப்னெல் என்ற பெண்மணி பெட்டி பெட்டியாகக் கிடந்த பொருள்களையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு, 1958 வரை, இருபது வருடம் உட்கார்ந்து எழுதிப் பிரசுரித்து முடித்தார். சனகெரிப் எரித்த அடுக்கு எது என்பதில் ஸ்டார்க்கியின் கருத்தையே அவர் மறுத்தார். அவர் சொன்னதுதான் சரி என்பதைப் பின்னால் உசிஷ்கினின் தோண்டல் உறுதிப்படுத்தியது. மேசையடியில் உட்கார்ந்து கணக்கை நேர் செய்கிறவர்களுக்கு மாலை விழுவதில்லை. அதனால் நானாவது இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதினால்தான் நியாயம். ஸ்டார்க்கியின் காலத்தில் அந்த மேட்டின் அருகில் குபைபா என்ற அரபு கிராமம் இருந்தது. 1948 போரில் அந்த ஊர் ஆளில்லாமல் போனது. 1955-ல் பக்கத்தில் லாகீஸ் என்ற பெயரிலேயே யூதர்களின் விவசாயக் குடியிருப்பு உருவானது. மூட்டை முடிச்சோடு போகிற வண்டி அந்தச் சிற்பத்தோடு நின்றுவிடவில்லை. லாகீஸுக்காக வருத்தப்படுகிறவன் குபைபாவைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டால், அவனும் பாதிச் சாட்சிதான் சொல்கிறான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குழுவோடு எருசலேம் யாத்திரை போனேன். எசேக்கியா வெட்டிய தண்ணீர்ச் சுரங்கத்தைக் காட்டினார்கள். 533 மீட்டர் நீளம். பக்தியோடு பார்த்தோம். லாகீஸுக்குப் போக முடியுமா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "அங்கே என்ன இருக்கு ஐயா? வெறும் மேடு" என்றார். எல்லோரும் கடைத்தெருவுக்குப் போக அவசரப்பட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை. இன்றைக்கு அதற்காக வருத்தப்படுகிறேன். எருசலேமிலிருந்து பேருந்தில் போய்வர அரைநாள் போதும். இனி யாத்திரை ஏற்பாடு செய்கிறவர்கள் அந்த அரைநாளை ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. தப்பிய நகரத்தைப் பார்க்கிறவர்கள் தப்பாத நகரத்தையும் பார்க்கட்டும்.

குருவானவரைப் போன வாரம் பார்த்தபோது இதைச் சொன்னேன். வயதில் என் மகனைவிடச் சின்னவர். பொறுமையாகக் கேட்டார். "ஐயா, இருபது நிமிஷப் பிரசங்கத்தில் லாகீஸை எங்கே வைப்பது?" என்றார். "ஒரே ஒரு வரி போதும்" என்றேன். "எருசலேம் தப்பித்தது என்று சொல்வதற்கு முன்னால், லாகீஸ் தப்பவில்லை என்று ஒரு வரி." யோசித்துவிட்டு, "அதைச் சொன்னால், ஏன் தப்பவில்லை என்று கேட்பார்களே, என்ன பதில் சொல்வது?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கிழவிக்குச் சொல்லவும் என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் இல்லை என்பதற்காக அவர் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் இருக்கலாமா? அதைத்தான் அவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த முறை 2 இராஜாக்கள் 18-ம் அதிகாரத்தை நீங்கள் வீட்டில் வாசிக்கும்போது, 14-ம் வசனத்தில் அந்தப் பெயர் வரும். ஒரு நிமிஷம் அங்கே நின்றுவிட்டுப் பிறகு மேலே வாசியுங்கள்.